கரையேறச் சொல்லு

அந்தத் தாளை முனிலட்சுமி மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். மூன்றாவது முறை மகன் வெங்கடப்பன் படித்து முடித்ததும், "இது எவளோட பாட்டு?" என்றாள்.

"உன் பாட்டுதாம்மா. வார்த்தைய மட்டும் கொஞ்சம் சரி பண்ணியிருக்காங்க."

"என் பாட்டுல நாராயணம்மா இருந்தா, புட்டம்மா இருந்தா. ரெண்டு பேரையும் காணோமே. எங்க போனாங்க?"

"அவங்க செத்து நாப்பது வருசம் ஆவுது."

"செத்தா? பாட்டுலயிருந்துமா எந்திரிச்சுப் போயிருவாங்க?"

ஷெட்டில் ரோஜா கட்டிக்கொண்டிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். வெங்கடப்பன் அவர்களைப் பார்த்தான். சிரிப்பு நின்றது, ஆனால் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

பிப்ரவரி முதல் வாரம். ஜூஜுவாடியில் காலை ஒன்பது மணிக்கும் பனி விலகவில்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு அத்திப்பள்ளி பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தன. வெங்கடப்பனின் இரண்டு ஏக்கர் பாலிஹவுஸில், பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே, சிவப்பு ரோஜா மண்டிப் பூத்திருந்தது. காதலர் தினத்துக்கு முந்தைய பத்து நாள்தான் ரோஜாக்காரனுக்கு வருடம். விடியற்காலையில் வெட்டிய பூ தண்ணீர் வாளியில் நிற்கும். பெண்கள் ஒவ்வொரு தண்டாக எடுத்து, அளவுபலகையில் வைத்து நீளம் பார்த்து, அடி இலையை உருவி, இருபது இருபதாக அட்டையில் சுற்றுவார்கள். மதியத்துக்குள் குளிர்வண்டி ஏறவேண்டும். ஏறாத பூ மறுநாள் மாலைக்குத்தான் ஆகும்.

ஷெட்டில் மூன்று பேர். வெங்கடப்பனின் மனைவி ருக்மணி, தளி பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பெண். மாரம்மா, அத்திப்பள்ளியிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் கர்நாடக எல்லை தாண்டி வருகிற கன்னடக்காரி. காளியம்மாள், விருதுநகர்க்காரி. வெங்கடப்பன் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற லைன் வீட்டில் குடியிருக்கிறாள். புருஷன் டயர் கம்பெனியில் ஷிப்டு.

நான்காவதாக முனிலட்சுமி. எண்பத்தைந்து வயது. அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. அவளாக வந்து, கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, அட்டையில் ரப்பர் பேண்டு மாட்டுவாள். மாட்டிக்கொண்டே குறை சொல்லுவாள்.

"இந்த விஜயகுமாருக்குப் பாட்டைத் திருத்தச் சொல்லி நானா கேட்டேன்?" என்றாள் இப்போது.

"அவன்தான்மா உன்னைக் கண்டுபிடிச்சான். அத மறந்துடாத."

அது உண்மைதான். பழைய வானொலி நிகழ்ச்சிநிரல் புத்தகம் ஒன்றின் பக்கத்தை யாரோ போனில் அனுப்ப, அது பல கைகள் மாறி ரோஜா விவசாயிகள் சங்கத் தலைவர் விஜயகுமாரிடம் வந்திருந்தது. 'இரவு 7.05: கிராமியப் பாடல்கள். பாடுபவர்: முனிலட்சுமி, ஜூஜுவாடி.' வருடம் 1959. நம் ஊர்ப் பெயராக இருக்கிறதே என்று அவன் விசாரித்துக்கொண்டு வந்து பார்த்தால், அந்தப் பாடகி வாளி மேல் உட்கார்ந்து ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டிருந்தாள்.

விஜயகுமார் சங்கத்துக்கு மட்டும் தலைவன் இல்லை. ஒசூரில் ஒரு தமிழ் மன்றமும் நடத்துகிறான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. பொன்னாடை, கேடயம், 'வானொலிக் குயில்' என்று பட்டம். கடைசியில் அவள் ஒரு பாட்டுப் பாடவேண்டும்.

"குயிலாம்," என்றாள் முனிலட்சுமி. "நான் என்ன மரத்து மேலயா உக்காந்திருந்தேன்? ராகிக் காட்டுல குனிஞ்சுகிட்டு இருந்தேன்."

*

அந்த ராகிக் காடு இப்போது வெங்கடப்பனின் லைன் வீடுகள் நிற்கிற இடம். அன்றைக்கு அது முனிலட்சுமியின் புருஷன் வெங்கடசாமியின் நிலம். காட்டுக்காரன் பொண்டாட்டியே கூலிப் பெண்களோடு சேர்ந்து களை எடுக்கிற அளவுக்குத்தான் அவர்கள் வசதி.

களை எடுக்கிற பாட்டுக்கு ஒரு முறை இருந்தது. வரிசையில் நிற்கிற ஒவ்வொருத்தியும் அவள் வீட்டில் பேசுகிற மொழியில் ஒரு அடி கட்டவேண்டும். பொழுது இறங்குகிற நேரத்தில் நாராயணம்மா தெலுங்கில் எடுப்பாள்:

'பொத்து வாலிந்தி, நடுமு நொச்சிந்தி.'

பொழுது சாய்ந்தது, இடுப்பு நொந்தது. அடுத்து புட்டம்மா கன்னடத்தில்:

'ஒத்து முளுகித்து, ஒட்டெ அசிதைதே.'

பொழுது முழுகியது, வயிறு பசிக்கிறது. மூன்றாவது முனிலட்சுமி:

'பொழுது சாஞ்சது, புள்ள அழுவுது.'

அதற்கப்புறம் எல்லோரும் சேர்ந்து வரப்பைப் பார்த்துக் கேட்பார்கள்: 'காட்டுக்காரரே, கரையேறச் சொல்லு.'

காட்டுக்காரன் வரப்பில் நின்று, "கரையேறுங்க" என்று சொல்லவேண்டும். அவன் சொன்னால்தான் அன்றைய வேலையும் பாட்டும் முடியும். சொல்லாமல் நின்றால் மறுபடி தெலுங்கிலிருந்து தொடங்கும். ஐந்து தடவை, ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் சத்தம் கூடும். பக்கத்துக் காட்டுக்காரன் கேட்பான், ரோட்டில் போகிறவன் கேட்பான், காட்டுக்காரனுக்கு மானம் போகும். இருட்டிய பிறகும் வேலை வாங்குகிறவனை வாயால் அடிக்கிற பாட்டு அது.

பயிர்க் கண்காணிப்புக்கு வந்த ஒரு கிராம சேவகர் இதைக் கேட்டு ரேடியோ நிலையத்துக்கு எழுதிப்போட்டார். கடிதம் முனிலட்சுமி பெயருக்கு மட்டும் வந்தது. அவளைப் பஸ் ஏற்றிவிட்டது வெங்கடசாமிதான். அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி ஒரே மொழியில்தான் இருக்கவேண்டும் என்று சொன்னார். அவளும் தலையாட்டினாள். அந்தக் காலத்தில் பதிவு செய்து போடுவதில்லை. பாடப் பாட அப்படியே காற்றில் போகும். சிவப்பு விளக்கு எரிந்தது. பன்னிரண்டு நிமிடம் என்றார்கள். எட்டு நிமிடம் அவர் சொன்னபடி பாடினாள். ஒன்பதாவது நிமிடத்தில் நாராயணம்மாவின் அடியை எடுத்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி எழுந்து நின்றார். முனிலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். திறந்தபோது சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

எந்த அடியில் அணைந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் ஊருக்கு வந்து புருஷனிடம் கேட்டாள். பஞ்சாயத்து ரேடியோ முன்னால் ஊரோடு உட்கார்ந்து கேட்டவன் அவன். "எல்லாம் கேட்டுச்சு, போ" என்றான். புட்டம்மாதான் உண்மையைச் சொன்னாள். "என் அடி வந்துச்சுக்கா. அதோட பாட்ட அறுத்துட்டு பீப்பி நாயனத்தைப் போட்டுட்டாங்க."

ஆக, காட்டுக்காரனைக் கேட்கிற கேள்வி வரவே இல்லை. ரேடியோவிலிருந்து அப்புறம் கடிதமும் வரவில்லை.

*

சனிக்கிழமை பகல் விஜயகுமார் வீட்டுக்கே வந்தான். முனிலட்சுமியும் ருக்மணியும் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். சீசனின் கடைசி அவரை. தோலிலிருந்து பருப்பு நழுவி முறத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"பெரியம்மா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்பா. உக்காரு. உன் தாளை வேணும்னா எடுத்துட்டுப் போ, அந்தாண்ட ஆணியில மாட்டியிருக்குது."

விஜயகுமார் பக்கத்தில் நின்ற வெங்கடப்பனைப் பார்த்தான். வெங்கடப்பன் வானத்தைப் பார்த்தான்.

"பெரியம்மா, நான் கெட்டவன் இல்லீங்க. எங்க வீட்டுலயும் பாதி நேரம் கன்னடந்தான். ஆனா போன வருசம் எதுக்குன்னே தெரியாம நாலு நாளு பஸ்ஸு நின்னுச்சா இல்லியா? எல்லைல நின்னு போர்டுக்கு மை பூசினாங்க. நாளைக்கு மண்டபத்துல நூறு பேரு போன்ல படம் எடுப்பாங்க. தமிழ் மன்றத்து மேடையில கன்னடம் தெலுங்குன்னு ஒருத்தன் போட்டுட்டா, இந்தாண்டக்காரன் என்னைத் திட்டுவான். பாட்டைத் திருடிட்டாங்கன்னு அந்தாண்டக்காரன் திட்டுவான். நான் எங்க போறது?"

"களை எடுக்க வா. எங்க காட்டுல மூணு பேரும்தான் ஒண்ணா குனிஞ்சோம்."

"சிரிக்காதீங்க பெரியம்மா. நல்ல புலவரா பாத்துத்தான் எழுதி வாங்கியிருக்கேன். அதே அர்த்தம். 'பொழுது சாய்ந்தது, இடுப்பு நொந்தது.' என்ன கொறஞ்சு போச்சு?"

முனிலட்சுமி ஒரு பருப்பைப் பிதுக்கி அவன் பக்கம் நீட்டினாள். "நாராயணம்மாவுக்கு ஆறு மாசம். வயித்துல புள்ளையோட குனிஞ்சுகிட்டு அவ சொன்ன வார்த்தை, நடுமு நொச்சிந்தின்னு. உன் புலவருக்கு எத்தன மாசம்?"

ருக்மணி முறத்தின் மேல் குனிந்துகொண்டாள்.

விஜயகுமார் எழுந்தான். செருப்பு மாட்டிக்கொண்டே வெங்கடப்பனைத் தெருவுக்குக் கூட்டிப்போனான். அவன் மெல்லப் பேசினாலும் வாசலுக்குக் கேட்டது. "அண்ணா, திங்கக்கிழமை ஏசி வண்டியில எடம் கேட்டு எட்டுப் பேரு நிக்கறாங்க. உங்களுக்கு முதல் எடம் வெச்சிருக்கேன். எனக்கும் ஒரு மரியாதை வேணும் இல்லீங்களா? தாள்ல இருக்கறத மட்டும் பாடச் சொல்லுங்க."

அவன் பைக் போன பிறகு வெங்கடப்பன் வாசலுக்குத் திரும்பி வந்தான்.

"கேட்டீல்ல? நாலாயிரம் பூ, திங்கக்கிழமை வண்டி ஏறலைன்னா கோயில் மாலைக்குத்தான். ஒரு பாட்டும்மா. மூணு வரி. உனக்கு என்ன போவுது?"

"ரேடியோவுல நிறுத்தின அன்னிக்கி உங்க அப்பனும் இதத்தான் கேட்டாரு. உனக்கு என்ன போச்சுன்னு."

"அப்ப வேணாம். விழாவே வேணாம். உடம்பு சரியில்லைன்னு சொல்லிடறேன்."

"நான் போவேன்," என்றாள் முனிலட்சுமி. "ஷேர் ஆட்டோவுல போவேன். பாதியில நின்ன பாட்டு அது. அறுபத்தஞ்சு வருசமா தொண்டையில நிக்குது. அத முடிக்காம நான் சாவறதா இல்ல. முழுசா பாடுவேன், இல்லாங்காட்டி மேடையில ஏறி வாயத் தொறக்காம உக்காந்திருப்பேன். எது வேணும்னு உன் தலைவனைக் கேட்டுக்க."

வெங்கடப்பன் மனைவி பக்கம் திரும்பினான். "நீயாவது சொல்லு."

முப்பத்தைந்து வருடமாக மாமியாரோடு உப்புக்கும் புளிக்கும் சண்டை போட்டவள் ருக்மணி. அவள் சொல்லுவாள் என்றுதான் அவன் நினைத்தான். அவள் கையிலிருந்த தோலை உதறினாள்.

"கொழம்புக்கு உப்பு பத்தலைன்னு அத்தை சொன்னா நான் கேக்க மாட்டேன். ஆனா அந்த மொத அடி எங்க வீட்டுப் பேச்சு. இந்த வீட்டுல நான் அத எங்க அண்ணன்கிட்ட போன்ல மட்டுந்தான் பேசறேன். அதை நீக்கிட்டுத்தான் பாடணும்னா, என்னை மட்டும் எதுக்கு வெச்சிருக்கீங்க?"

வெங்கடப்பன் பாலிஹவுஸுக்குப் போய்விட்டான்.

முனிலட்சுமி முறத்தை மருமகள் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "உப்பு நெசமாவே பத்தறதில்ல," என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டில் வேலை இரண்டு பங்கு. மாரம்மா தண்டு அளந்துகொண்டே, "அஜ்ஜி, புட்டம்மா அடி எப்படி? இன்னொரு தடவை," என்றாள். முனிலட்சுமி சொன்னாள். "நம்ம அவ்வாவும் களை எடுக்கறப்ப இதே ராகந்தான்," என்று மாரம்மா பூவைப் பார்த்துப் பாடினாள்.

"அப்ப எனக்கு என்ன ஆத்தா இருக்கு இதுல?" என்றாள் காளியம்மாள். "எங்க ஊருல ராகியே கெடையாது. கரிசக்காடு. பருத்திதான்."

"பருத்திக் காட்டுல பொழுது சாயாதா?"

"சாயும். நல்லாவே சாயும்."

"புள்ள அழுவாதா?"

"அது இங்கயும் அழுவுது. அவுக ஷிப்டு முடிச்சு வர்ற வரைக்கும் அழுவுது."

"அப்ப என் அடிய நீ எடுத்துக்க. எனக்கு மூச்சு பத்தாது."

*

மண்டபத்தில் இருநூறு நாற்காலி. வாசலிலேயே ஃப்ளெக்ஸில் முனிலட்சுமியின் படம். ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கியதில் அவள் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தாள். மேடையில் விஜயகுமார், புலவர், இன்னும் இரண்டு பேர். வரிசைக் கடைசி நாற்காலியில் வெங்கடப்பன், பாடகியின் மகன் என்கிற முறையில். அவன் நல்ல வேட்டி கட்டியிருந்தான். கையில் முள் கீறல்கள்.

பேசினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கேடயத்தை வாங்கி முனிலட்சுமி மடியில் குப்புற வைத்துக்கொண்டாள். விஜயகுமார் மைக்கோடு தாளையும் சேர்த்து அவள் கையில் கொடுத்தான். அவள் தாளை வாங்கி, மடித்து, இடுப்பில் செருகினாள். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். ரேடியோ நிலையத்தில் கற்றுக்கொடுத்தது, கை மறக்கவில்லை.

களை எடுக்கக் கூப்பிடுகிற முதல் பாட்டைப் பாடினாள். குரல் உடைந்திருந்தது. ஆனால் உடைந்த இடத்தில் நிற்காமல் ஏறித் தாண்டியது. பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். போன்கள் உயர்ந்தன. விஜயகுமார் புன்னகையோடு தாளம் போட்டான்.

இந்த முறை அவள் கண்ணை மூடவில்லை. விஜயகுமாரைப் பார்த்துக்கொண்டே எடுத்தாள்.

'பொத்து வாலிந்தி, நடுமு நொச்சிந்தி.'

தாளம் நின்றது. விஜயகுமார் மேடை ஓரத்திலிருந்த மைக்செட்காரனைப் பார்த்து விரலை அசைத்தான். மைக் செத்தது.

முனிலட்சுமி அதைத் தட்டிப் பார்த்தாள். "மறுபடியுமா?" என்றாள். முதல் வரிசைக்கு மட்டும் கேட்டது, சிலர் சிரித்தார்கள். அவள் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு மேடை விளிம்புக்கு வந்தாள்.

அடுத்த அடிக்கு மூச்சை இழுப்பதற்குள் மண்டபத்தின் பின்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. மாரம்மா எழுந்து நின்றிருந்தாள்.

'ஒத்து முளுகித்து, ஒட்டெ அசிதைதே.'

அவளுக்குப் பக்கத்தில் காளியம்மாள், இடுப்பில் குழந்தையோடு:

'பொழுது சாஞ்சது, புள்ள அழுவுது.'

மூன்று பேரும் சேர்ந்து: 'காட்டுக்காரரே, கரையேறச் சொல்லு.'

யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இந்த முறை தெலுங்கு அடியை எடுத்தது ருக்மணி. மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டு, முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, புருஷனைப் பார்க்காமல் பாடினாள். மாரம்மா தொடர்ந்தாள். காளியம்மாள் தொடர்ந்தாள். கேள்வி வரும்போது அவர்களோடு இன்னும் நாலைந்து பெண்குரல்கள் சேர்ந்தன.

"பெரியம்மா, போதும், உக்காருங்க," என்றான் விஜயகுமார்.

"நான் எப்பிடிப்பா உக்கார்றது? காட்டுக்காரன் சொல்லலியே."

மூன்றாவது முறை. நாலாவது முறை. கெலமங்கலம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு கிழவர் நாற்காலியிலிருந்தபடியே குரல் கொடுத்தார். "யாருப்பா அங்க காட்டுக்காரன்? எத்தன தடவ கேப்பாங்க? சொல்லித் தொலைங்களேன்." வயதானவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு முறை தெரியும். இளையவர்கள் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஐந்தாவது முறை கேள்வி வந்தபோது பாதி மண்டபம் கேட்டது. இருநூறு நாற்காலியும் மேடையைப் பார்த்தன.

விஜயகுமார் குனிந்து வெங்கடப்பன் காதில் சொன்னான். "அண்ணா, உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு வண்டி இருக்குது, ஞாபகம் வெச்சுக்குங்க."

வெங்கடப்பன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறேழு வயதில் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றது நினைவுக்கு வந்தது. கீழே அம்மாவும் மற்றவர்களும் குனிந்தபடி பாடிக்கொண்டிருப்பார்கள். அப்பா எப்போதும் மூன்றாவது கேள்வி வரைக்கும் பேசாமல் நிற்பார். அது அவருக்கு ஒரு கெத்து. 'சொல்லுப்பா, அம்மாவுக்கு வலிக்குது' என்று இவன் வேட்டியைப் பிடித்து இழுப்பான்.

ஆறாவது முறை பெண்கள் எடுத்தார்கள். முனிலட்சுமி உட்காரவில்லை. மேடை விளிம்பில் நின்று, மண்டபத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மகனைப் பார்த்துக் கேட்டாள்.

'காட்டுக்காரரே, கரையேறச் சொல்லு.'

வெங்கடப்பன் எழுந்தான். தொண்டையைச் செருமினான்.

"கரையேறுங்க."

"கேக்கலை," என்றாள் முனிலட்சுமி.

"கரையேறுங்கம்மா. எல்லாரும் கரையேறுங்க."

அந்தச் சொல்லோடு பாட்டு நின்றது. நாலு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள், களைக்கொத்தைக் கீழே போட்ட மாதிரி. பிறகுதான் மண்டபம் கைதட்டியது.

முனிலட்சுமி நாற்காலியில் உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்த தாளை எடுத்து முகத்து வியர்வையை ஒற்றிக்கொண்டு, புலவரிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

விஜயகுமார் வெங்கடப்பனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"தெரியும்பா," என்றான் வெங்கடப்பன். "உன் வண்டியில எட்டாவது ஆளுக்கு என் எடத்தைக் குடுத்துடு. தக்காளி டெம்போ ஒண்ணு சொல்லி, ஈரச்சாக்கு போட்டு, விடியறதுக்குள்ள பெங்களூரு மார்க்கெட்டுல நானே எறக்கிக்கறேன். பாதிதான் தேறும். தேறட்டும்."

ருக்மணி மேடையேறி வந்து மாமியாரின் கையைப் பிடித்துத் தூக்கினாள். கேடயம் மடியிலிருந்து நழுவியது. அதை எடுக்கக் குனிந்தவளை முனிலட்சுமி தடுத்தாள்.

"அது கெடக்கட்டும். மணி என்ன ஆவுது?"

"அஞ்சு அத்தை."

"பொழுது இருக்குதே. டெம்போவுல போறதுன்னா இன்னிக்கே கட்டணும். மாரம்மாவைக் கூப்புடு, காளியம்மாவைக் கூப்புடு." படியிறங்கும்போது திரும்பி மகனைப் பார்த்தாள். "நீயும் வந்து கட்டுடா. ஆனா இருட்டறதுக்கு முன்னால சொல்லிடணும். நாங்க ரெண்டு தடவதான் கேப்போம்."